கொலாஜனை வாங்க முடியுமா? சருமக் கேள்விகளுக்குப் பதில்கள்

கொலாஜன் பவுடர், கொலாஜன் கிரீம், கொலாஜன் மாஸ்க். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அந்த ஒரே பெயரைத்தான் சுற்றி வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சிலவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

படிக்கும் முன் ஒரு சின்ன வேலை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, அக்குளுக்குச் சற்றுக் கீழே மேல்கையின் உட்பக்கத் தோலைப் பாருங்கள். அப்படியே புறங்கையையும் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயது. ஆனால் உட்பக்கம் வழவழவென்று ஒரே நிறமாக இருக்கும்; புறங்கையில் கோடும் புள்ளியுமாக இருக்கும். இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு வெயிலுடையது. கீழே சில இடங்களில் இந்தக் கைக்கே திரும்பி வருவேன்.

எனக்கு 34 வயது. 25 வயதிலேயே கொலாஜன் குறையத் தொடங்கிவிடும் என்று படித்ததிலிருந்து ஒரே கவலை. நான் தாமதித்துவிட்டேனா?

இல்லை. தோலின் மேலடுக்குக்குக் கீழே டெர்மிஸ் என்று ஒரு தடித்த அடுக்கு உண்டு. அதிலுள்ள நீரை நீக்கிவிட்டு எடை போட்டால், ஏறக்குறைய முக்கால் பங்கு கொலாஜன்தான். மூன்று இழைகளை முறுக்கித் திரித்த கயிறு போன்ற புரதம் அது. ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் அதைத் திரிக்கின்றன. இருபதுகளுக்குப் பிறகு தோலிலுள்ள கொலாஜன் ஆண்டுக்குச் சராசரியாக 1 சதவீதம் அளவில் குறைகிறது என்பது உண்மை. ஆனால் 25-வது பிறந்தநாளன்று ஒரு கதவு மூடிக்கொள்வதில்லை.

பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம் இருக்கிறது. தோலின் கொலாஜன் மிக மெதுவாகத்தான் மாற்றப்படுகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 15 ஆண்டுகள். உங்கள் கன்னத்தில் இப்போது இருப்பவற்றில் கணிசமான இழைகள் நீங்கள் பள்ளியில் படித்த காலத்தில் திரிக்கப்பட்டவை. அதனால்தான் என்னிடம் வருபவர்களிடம், புதிதாக உண்டாக்குவதைவிட இருப்பதைக் காப்பதே லாபம் என்று சொல்கிறேன்.

மூன்று மாதமாகத் தினமும் 10 கிராம் கொலாஜன் பவுடர் குடிக்கிறேன். முகம் பளபளப்பதாகத் தோழிகள் சொல்கிறார்கள். தொடரலாமா?

தோழிகளின் பாராட்டைக் கெடுக்க மனமில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். குடித்த கொலாஜன் கொலாஜனாகவே கன்னத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும் இரண்டு மூன்று அமிலங்கள் கோத்த சிறு துண்டுகளாகவும் நறுக்கிவிடுகின்றன. அந்தத் துண்டுகளில் சில ரத்தத்தில் தென்படுவது உண்மை. அவை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தூண்டக்கூடும் என்பதுதான் விற்பவர்களின் வாதம்.

8 முதல் 12 வாரம் நடந்த பல சோதனைகளில் தோலின் ஈரப்பதமும் மீள்தன்மையும் கொஞ்சம் கூடியதாக முடிவு வந்திருக்கிறது. ஆனால் 2025-இல் 23 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தவர்கள், பணம் கொடுத்தது யார் என்று பிரித்துப் பார்த்தார்கள். நிறுவனங்களின் பணம் இல்லாமல் நடந்த சோதனைகளில் பலன் தெரியவில்லை. என்னைக் கேட்டால், அந்தச் செலவில் நல்ல சன் ஸ்கிரீன் வாங்குவேன்.

குடித்தே தீருவேன் என்றால் மூன்று விஷயங்கள். இது முழுமையான புரதம் அல்ல. டிரிப்டோபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் இதில் இல்லை. எனவே சாப்பாட்டுப் புரதத்துக்கு இதை மாற்றாக நினைக்கக் கூடாது. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் பவுடர் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நான் சைவம். தாவரக் கொலாஜன் நல்லதா?

தாவரங்கள் கொலாஜன் தயாரிப்பதில்லை. அந்தப் பெயரில் வரும் பல டப்பாக்களில் இருப்பது வைட்டமின் சி-யும் சில அமினோ அமிலங்களும்தான். உங்கள் உடல் தனக்கு வேண்டிய கொலாஜனைப் பருப்பு, பயறு, பால் தரும் புரதத்திலிருந்தே செய்துகொள்ளும்.

கொலாஜன் கிரீம் பூசினால் உள்ளே இறங்குமா?

இறங்காது. தோலின் மேற்புறத்தைக் கடந்து போக ஒரு மூலக்கூறின் எடை ஏறக்குறைய 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் (டால்டன் என்பது மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு). கொலாஜனின் எடை சுமார் 3 லட்சம் டால்டன். ஊசிக் காதில் தாம்புக் கயிற்றைக் கோக்கிற கதைதான். மேலே படிந்து ஈரத்தைக் காக்கும், தொட்டால் மெத்தென்று இருக்கும். சாதாரண மாய்ஸ்சரைசரும் அதைச் செய்யும்.

நாள் முழுக்க அலுவலகத்தில் ஜன்னல் ஓரம்தான் உட்காருகிறேன். வெளியே போவதே இல்லை. எனக்கும் சன் ஸ்கிரீன் வேண்டுமா?

ஜன்னல் ஓரம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களில், தோலைச் சிவக்க வைக்கும் யுவிபி கதிரைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். ஆழமாக இறங்கும் யுவிஏ கதிரில் நிறையச் சாதாரணக் கண்ணாடி வழியே உள்ளே வந்துவிடும். எரியாது, கறுத்ததுகூட உடனே தெரியாது. ஆனால் டெர்மிஸில் கொலாஜனை வெட்டும் நொதிகளை அது கிளப்பிவிடும். 2012-இல் ஒரு மருத்துவ இதழில் 69 வயது லாரி ஓட்டுநரின் படம் வெளியானது. 28 ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கத்துக் கன்னம் தடித்து, ஆழமாகச் சுருங்கித் தொங்கியது. மறுபக்கம் பல வயது இளையவருடையது போல இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு நானே காரில் ஏறும் முன் சன் ஸ்கிரீன் பூசத் தொடங்கினேன்.

ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்குக் குறைந்த சுமார் 900 பேரை நாலரை ஆண்டுகள் கவனித்தார்கள். தினமும் சன் ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களிடம், விருப்பம்போல் பூசியவர்களைவிட, தோல் மூப்பு 24 சதவீதம் குறைவாக இருந்தது. 2013-இல் வெளியான முடிவு இது. வேறெந்த டப்பாவுக்கும் இவ்வளவு நீண்ட, இவ்வளவு நேர்மையான சோதனை நடந்து நான் பார்த்ததில்லை.

எஸ்பிஎஃப் என்ற வெயில் பாதுகாப்பு எண் 30 அல்லது அதற்கு மேல், யுவிஏ பாதுகாப்பும் உண்டு என்று லேபிளில் போட்டிருக்க வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடுவது அளவில்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒவ்வொரு கோடு பிழியுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். பொட்டு வைப்பது போல நாலு இடத்தில் தொட்டுத் தேய்த்தால், லேபிளில் உள்ள எண் உங்களுக்குக் கிடைக்காது. வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். புறங்கையையும் மறக்காதீர்கள்.

ட்ரெட்டினாயின் கிரீம் போட்டு ஒரே வாரத்தில் முகம் உரிந்து சிவந்துவிட்டது. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமா?

பெரும்பாலும், அவசரப்பட்டீர்கள் என்று அர்த்தம். பயிற்சி மருத்துவராக இருந்தபோது நானும் இதையே செய்தேன். ஒரு கல்யாணத்துக்குள் முகம் தெளிய வேண்டும் என்று தினமும் இரவு தாராளமாகப் பூசினேன். கல்யாணத்தன்று வாயோரம் தோல் செதில் செதிலாக நின்றது, சிரித்தால் எரிந்தது.

ஆனால் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த இந்த மருந்துக்கு நான் மரியாதை கொடுப்பவன். வெயிலால் கெட்ட தோலை இது சீராக்குகிறது என்று ஆல்பர்ட் கிளிக்மனும் சக ஆய்வாளர்களும் 1986-இலேயே எழுதினார்கள். கொலாஜனை வெட்டும் நொதிகளை அடக்கும், புதிதாகத் திரிக்கவும் தூண்டும். பலன் தெரியப் பல மாதம் பொறுக்க வேண்டும்.

இப்போதைக்கு நிறுத்திவிட்டு வெறும் மாய்ஸ்சரைசர் மட்டும் போடுங்கள். தோல் முழுவதும் ஆறிய பிறகு, உங்கள் மருத்துவர் ஒப்புக்கொண்டால், வாரம் இரண்டு இரவு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவில் தொடங்குங்கள். முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் மருந்து. கண்ணோரம், மூக்கோரம், வாயோரம் வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயன்றுகொண்டிருந்தாலோ இந்தக் குடும்பமே கூடாது. கடையில் சீட்டின்றிக் கிடைக்கும் ரெட்டினாலும் அதில் சேர்த்தி.

வைட்டமின் சி சீரம் பழுப்பாகிவிட்டது. பூசலாமா? வைட்டமின் சி-க்கும் கொலாஜனுக்கும் என்ன சம்பந்தம்?

பழுப்பாகிவிட்டால் கெட்டுவிட்டது, கொட்டிவிடுங்கள். இளமஞ்சள் என்றால் பரவாயில்லை, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

சம்பந்தம் மிக ஆழமானது. கொலாஜனின் மூன்று இழைகள் முறுக்கு அவிழாமல் நிற்க வேண்டுமானால், அவற்றில் ஒரு வேதிமாற்றம் நடக்க வேண்டும். அதற்கு வைட்டமின் சி வேண்டும். அது அறவே இல்லாமல் போனால் வருவதுதான் ஸ்கர்வி: ஈறு கசியும், ஆறிய பழைய புண்கூட மறுபடி திறந்துகொள்ளும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் இந்த நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இருவர்தான் சட்டென்று தேறினார்கள். இதை வைத்து மாத்திரையை அள்ளி விழுங்க வேண்டாம். பழமும் காய்கறியும் ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கு அதிகப்படியான வைட்டமின் சி சிறுநீரில் போய்விடும்.

சர்க்கரையை அடியோடு விட்டால் சுருக்கம் மறையுமா?

வந்த சுருக்கம் மறையாது. ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் அது கொலாஜன் இழைகளில் ஒட்டி அவற்றை விறைப்பாக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கட்டுப்பாடு இந்த வகையிலும் உதவும்.

மாதவிடாய் நின்று இரண்டு வருடம். திடீரென்று முகம் தளர்ந்துவிட்டது போல் இருக்கிறது. என் கற்பனையா?

கற்பனை இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறைவதால், மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலின் கொலாஜன் 30 சதவீதம் வரை குறையலாம். அதன் பிறகு வேகம் தணிந்து ஆண்டுக்கு 2 சதவீதம் அளவுக்கு வந்துவிடும். ஹார்மோன் சிகிச்சை தோலுக்கும் உதவுகிறது என்றாலும், முகத்துக்காக மட்டும் அதை எடுப்பது சரியல்ல. உடல் சூடு, தூக்கமின்மை போன்ற தொல்லை இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் பேசுங்கள்.

முகத்தை வெளுப்பாக்க வாங்கிய கிரீமை இரண்டு வருடமாகப் போடுகிறேன். இப்போது தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரிகிறது.

இந்த வரிசையில் என்னைப் பதற வைத்த கடிதம் இதுதான். கிரீமில் ஸ்டீராய்டு இருக்கும் என்றே சந்தேகிக்கிறேன். ஸ்டீராய்டு, கொலாஜன் திரிக்கும் செல்களையே முடக்கிவிடும். டியூபை எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியலாம். அதைச் சமாளிக்க மருத்துவர் துணை வேண்டும்.

ஊசி ரோலரை வீட்டிலேயே உருட்டலாமா?

வேண்டாம். நுண்ணிய காயம் உண்டாக்கி, ஆறும்போது கொலாஜன் கூடட்டும் என்பதுதான் அதன் தந்திரம். சுத்தமில்லாத ஊசியும் ஆறாத பருவும் சேர்ந்தால் மிஞ்சுவது தொற்றும் கரும்புள்ளியும்தான்.

அப்பாவுக்கு 78 வயது. தோல் காகிதமாக மெலிந்து, லேசாக உரசினாலே கிழிகிறது. இந்த வயதில் ஏதாவது செய்து பயன் உண்டா?

உண்டு. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரி வயது 87 உள்ள முதியவர்களுக்கு, ஒரு கையில் 0.4 சதவீத ரெட்டினால் லோஷன், மறு கையில் வெறும் லோஷன் என்று 24 வாரம் பூசினார்கள். பூசிய இடம் வெயில் படாத மேல்கையின் உட்பக்கம். ரெட்டினால் பூசிய பக்கத்தில் மெல்லிய சுருக்கம் குறைந்தது, கொலாஜன் உற்பத்தியும் கூடியது. அந்த வயதிலும் திரிக்கும் செல் வேலையை மறந்துவிடவில்லை.

ஆனால் உங்கள் அப்பாவுக்கு முதலில் ரெட்டினால் வேண்டாம், எரிச்சல் தாங்காது. தினமும் இரண்டு வேளை, குளித்த ஈரம் காயும் முன் கெட்டியான மாய்ஸ்சரைசர், முழுக்கைச் சட்டை, நகத்தை ஒட்ட வெட்டுவது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோ ஸ்டீராய்டோ நெடுநாளாகச் சாப்பிடுகிறாரா என்று பார்த்து, அந்தச் சீட்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.