சான் மக்களிடம் மரபணு ஆய்வு: குழு அனுமதி மட்டும் போதுமா?

தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணத்தில், மரபணு ஆய்வுக்காகச் சான் பழங்குடியினரை நேர்காணப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. 2010இல் நமீபியாவில் சான் மூப்பர்கள் நால்வரின் மரபணு விவரம் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வெளியானபோது சிக்கலே அதுதான்: தனிநபர்கள் சம்மதித்தார்கள், சமூகத் தலைவர்களை யாரும் கேட்கவில்லை. கட்டுரையின் சொற்களும் அவர்களைப் புண்படுத்தின. அதன் விளைவாக, 2017இல் சான் மக்களே தங்கள் ஆய்வு நெறிமுறையை வெளியிட்டார்கள்.

ஆகவே திட்டவரைவை முதலில் சான் மக்களின் பிரதிநிதி அமைப்பான சான் கவுன்சிலுக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை உங்கள் ஃபெலோஷிப் (ஆய்வு உதவித்தொகை) கால அட்டவணையில் சில மாதங்கள் ஒதுக்குங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். வெளியிடும் முன் வரைவைக் காட்டவும், முடிவுகளைச் சொல்லத் திரும்பிப் போகவும் பட்ஜெட்டில் பணம் வையுங்கள்.

எச்சில் மாதிரி எடுத்து வெளிநாடு அனுப்புவதாக இருந்தால் கதை வேறு. அதற்கான தென்னாப்பிரிக்காவின் 2018 மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தத்தில், அனுப்புபவர், பெறுபவரோடு நெறிமுறைக் குழுவும் ஒரு தரப்பு.