பழைய ஸ்போர்ட்ஸ் கார், உள்ள ஒரே இரைச்சல்: கேளுங்க, சொல்றேன்

புதுச்சேரியில 22 வருஷமா கார் உள்வேலைதான் எனக்கு. சீட்டு, கார்ப்பெட், ரூஃப் துணி, சத்தம் கொறைக்கிற சவுண்டு டேம்பிங். இன்னிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்திருப்பேன், கேளுங்க. ஒண்ணே ஒண்ணு, டேம்பிங் ஷீட்ட வாங்கி வச்சிட்டு கேக்காதீங்க, வாங்குறதுக்கு முன்னாடி கேளுங்க.

மஞ்சக்குப்பம்: அண்ணே, என்கிட்ட ஒரு சான் ஸ்டார்ம் இருக்கு. 80ல போனா பக்கத்து சீட்டுல பேசுறதே கேக்கல. கதவு, தரை எல்லாம் ஷீட் ஒட்டிடலாமா?

ஸ்டார்மா! பாத்தே எத்தன வருஷம் ஆச்சு. கோவால கட்டுன வண்டி, ரெனோ 1149 சிசி இன்ஜின், ரெண்டே சீட்டு, ஃபைபர் பாடி. அந்த ஃபைபர்லதான் விஷயமே இருக்கு. டேம்பிங் ஷீட்டோட வேலை தகரம் அதிர்றத அடக்குறது. வெறும் கதவுத் தகரத்த முட்டியால தட்டுனா டங்ங்னு இழுக்கும், நடுவுல ஒரு சாண் ஷீட்ட ஒட்டிட்டு தட்டுங்க, டொப்னு நின்னுடும். ஃபைபர் பாடி, ஷீட் ஒட்டறதுக்கு முன்னாடியே டொப்புனுதான் சொல்லும், அதுக்கு எதுக்கு ஷீட்டு? உங்க வண்டியில பாடி லேசு, அதனால சத்தம் அதைத் தாண்டி உள்ள வருது. அதுக்கு எடைதான் மருந்து, அதாவது கனமான வினைல் ஷீட், அதுக்கு அடியில தண்ணி குடிக்காத ஃபோம். ஆனா எடைய ரெண்டு மடங்கு ஆக்குனாலும் கணக்குப்படி 6 டெசிபல்தான் குறையும், பாதி சத்தமாச்சுன்னு காதுக்குத் தோணணும்னா 10 டெசிபல் வேணும். அதனால வண்டி பூரா கனத்த ஏத்தாதீங்க, ஏத்துனா அப்புறம் அது என்ன ஸ்போர்ட்ஸ் காரு. இன்ஜினுக்கும் உங்க காலுக்கும் நடுவுல இருக்கிற ஃபயர்வால், கியர் லிவர் சுத்தி, இந்த ரெண்டு எடம் போதும்.

அதையும் ஓட்டைய அடைச்ச பிறகுதான் பண்ணணும். பரப்புல நூத்துல ஒரு பங்கு ஓட்டையா இருந்தா, மிச்சத்த கோட்டச் சுவர் மாதிரி கட்டினாலும் 20 டெசிபலுக்கு மேல தடுக்காது. ராத்திரி காருக்குள்ள ஒருத்தர டார்ச்சோட உக்கார வச்சு, பானெட்ட தொறந்து வெளிய நின்னு பாருங்க. வயர் போற எடம், கேபிள் போற எடம்னு ஃபயர்வால்ல நட்சத்திரம் மாதிரி தெரியும். ரப்பர் புஷ் இத்துப்போயிருக்கும், புதுசு போடுங்க, பத்து இருபது ரூவா சமாச்சாரம். அப்புறம், துணி கூரை போட்ட வண்டின்னா காத்து சத்தம் கொஞ்சம் இருந்தே தீரும், பழகிக்கணும்.

காலாப்பட்டு: ஃபியட் பாலியோ 1.6 கார். 90 தாண்டினா உய்ய்ய்னு ஒரு சத்தம், வலது காதுகிட்ட. டோர் பீடிங், அதான் கதவு ஓரத்து ரப்பர், ரெண்டு பக்கமும் மாத்தியாச்சு, அப்பவும் இருக்கு.

மாத்துறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா காசு மிச்சம். பத்து ரூவா நோட்ட பீடிங்ல வச்சு கதவ மூடி இழுங்க. எங்க இறுக்கமா வருது, எங்க வழுக்கிட்டு வருதுன்னு கை சொல்லிடும். வழுக்குற எடத்துல பெரும்பாலும் பீடிங் தப்பு இல்ல, கீல் தொங்கி கதவு எறங்கியிருக்கும், லாக் கொண்டிய துளி உள்ள தள்ளினா சரியாயிடும். அதுலயும் சிக்கலன்னா மாஸ்கிங் டேப் எடுங்க. மிரர் அடி, கண்ணாடி ஓரம், முன் கண்ணாடி பீடிங், எல்லா சந்தையும் ஒட்டிட்டு விடியக்காலைல காத்து கம்மியா இருக்கும்போது ஈசிஆர்ல மரக்காணம் பக்கம் ஒரு ஓட்டு. சத்தம் போயிருந்தா ஒவ்வொண்ணா பிரிச்சுக்கிட்டே ஓட்டுங்க, எந்த டேப்ப எடுத்ததும் திரும்ப வருதோ அதான் எடம். டேப்ப அன்னிக்கே உரிச்சிடுங்க, வெயில்ல காஞ்சா பெயிண்டோட வரும்.

முதலியார்பேட்டை: ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார், 60க்கு மேல ஊஊன்னு முனகுது. தரை பூரா டேம்பிங் பண்ண எவ்ளோ ஆகும்?

தரைய விடுங்க. காலி ரோட்டுல 60ல போயி ஸ்டீயரிங்க லேசா எடதுபக்கம் ஒடிங்க, அப்புறம் வலதுபக்கம். எடதுல ஒடிக்கும்போது முனகல் ஏறுனா வலது வீல் பேரிங், எடை அந்தப் பக்கம் சாயுதுல்ல. ரெண்டுலயும் மாறலன்னா டயரு. டயர் மேல டாட்னு (DOT) எழுதி கடைசியா நாலு நம்பர் இருக்கும், 2316ன்னா 2016ல 23வது வாரம் செஞ்சது. ட்ரெட்டு பாக்க நல்லாத்தான் இருக்கும், ரப்பர் கல்லாயிருக்கும். ஓடாம நிக்கிற வண்டியில இதான் நடக்கும்.

வில்லியனூர்: எத்தன ஸ்கொயர் ஃபீட் ஷீட் வேணும்?

என்ன வண்டி, என்ன சத்தம்னே சொல்லல. பொதுவா தகரத்துல கால்வாசி மூடினாலே அதிர்வு அடங்கிடும், பூரா ஒட்டச் சொல்றவங்க ஷீட்டு விக்கிறவங்க.

பாகூர்: புல்லட்டுல சைலன்சர் சத்தம்...

ரெண்டு சக்கரம் நான் பாக்குறதில்ல. மெக்கானிக்க கேளுங்க.

அரியாங்குப்பம்: ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், அதான் புகை தடையில்லாம போற சைலன்சர், போட்டேன். சரியா 3000 ஆர்பிஎம்ல மண்டைக்குள்ள கும்ம்ம்னு அடைக்குது. போன் ஆப்ல பாத்தா டெசிபல் பெருசா ஏறல.

ஆப் நம்ம காது மாதிரியே அளக்குது, அடித்தொண்டை சத்தத்த கம்மியா காட்டும். நாலு சிலிண்டர் 3000ல செகண்டுக்கு 100 தடவ வெடிக்குது, அந்த 100 ஹெர்ட்ஸ் கேபின் அளவோட ஒத்துப்போகுது. இதுக்கு எந்த ஷீட்டும் கேக்காது. எக்ஸாஸ்ட் பைப்புல பக்கவாட்டுல, முனை மூடுன ஒரு குழாய வெல்டு பண்ணணும், சூட்டுக் காத்துல 100 ஹெர்ட்ஸுக்கு தோராயமா ஒன்னேகால் மீட்டர் நீளம். அதுக்கு முன்னாடி ஜாயின்ட்டுல லீக் இருக்கான்னு பாருங்க. லீக் இருந்தா சத்தத்த விடுங்க, கார்பன் மோனாக்சைடு உள்ள வரும், அதுக்கு வாசனையே கெடையாது.

நெய்வேலி: அண்ணே, ஹார்டுவேர் கடையில ஸ்ப்ரே ஃபோம் கேன் கெடைக்குதே, கதவுக்கு அடியில இருக்கிற ரன்னிங் போர்டு பெட்டிக்குள்ள, கூரையத் தாங்குற தூணுக்குள்ள அடிச்சு ரொப்பிட்டா ரோட்டு சத்தம் சுத்தமா போயிடுமாம்?

வேணாம். ஜன்னல் ஃப்ரேம் சந்துக்கு செஞ்சது அது.

நெய்வேலி: கம்பெனிக்காரனே தூணுக்குள்ள ஃபோம் வைக்கிறானே?

வைக்கிறான், ஒத்துக்கிறேன். எங்க வைக்கிறான், எப்ப வைக்கிறான்? சின்னத் துண்டா குறிச்ச எடத்துல சொருகிட்டு, துருப்பிடிக்காத கோட்டிங் முடிஞ்சு பெயிண்ட் சூளைக்குள்ள போகும்போது அது உப்பி அடைக்கும். தண்ணி எறங்குற வழிய விட்டுட்டு அடைக்கும். நீங்க கேன் குழாய உள்ள வுட்டு அமுக்குனா எங்க போயி உப்புதுன்னு உங்களுக்கே தெரியாது. வடிகால் ஓட்டை அடைஞ்சா முடிஞ்சுது. நம்ம கடக்கரையில உப்புக்காத்து, கார்த்திகை மழை. தானே புயலுக்கப்புறம் வந்த வண்டிங்கள்லயே பாத்தேன், பெஞ்சலுக்கப்புறமும் பாத்தேன், கார்ப்பெட் அடியில ஈரம் மாசக்கணக்கா நிக்குது.

திண்டிவனம்: நான் ரெண்டு வருஷம் முன்னாடி அடிச்சேன், ஒண்ணும் ஆகல. சத்தமும் கொறஞ்சுது. சும்மா பயமுறுத்தாதீங்க.

துரு உள்ளேர்ந்து வரும் சார், வெளிய தெரியறப்ப தகரம் போயிருக்கும். சத்தம் கொறையும், நான் இல்லன்னு சொல்லல. இன்னொண்ணு, அந்த ஃபோம் காத்துல இருக்கிற ஈரத்த எடுத்துத்தான் எறுகுது, மூடுன பெட்டிக்குள்ள ஆழத்துல எறுகாம கொழகொழன்னே இருக்கும். ஒரு வண்டி ரன்னிங் போர்ட வெட்டுனப்ப ஃபோம் நடுவுல விரல் உள்ள எறங்குச்சு, தேன்கூடு மாதிரி பழுப்பா, சுத்திலும் தண்ணி.

திண்டிவனம்: துருப்பிடிக்காம இருக்க அடிக்கிற மெழுகு ஸ்ப்ரே அடிச்சிட்டு அப்புறம் ஃபோம் அடிச்சா?

அப்ப ஃபோம் ஒட்டாது, சந்து விழும், அந்த சந்துல தண்ணி. மெழுகு மட்டும் அடிங்க, புண்ணியமாப் போகும்.

தவளக்குப்பம்: எத்தன ஸ்கொயர் ஃபீட் ஷீட்...

மேல படிங்க.

மரக்காணம்: மொட்டமாடிக்கு ஒட்டுற தார் ஷீட் சீப்பா இருக்கே?

கத்திரி வெயில்ல கதவுக்குள்ள ஒழுகும், வண்டி பூரா தார் நாத்தம். ஷீட்டு பத்தி இனிமே யாரும் கேக்காதீங்க.

நெய்வேலி: அண்ணே, கோச்சுக்காதீங்க. டிரைவர் பக்கம் ரெண்டு கேன் ஏற்கனவே அடிச்சிட்டேன். போன வாரம்.

அத மொதல்ல சொல்றதுக்கு என்ன? சரி, வண்டிய சரிவுல நிறுத்தி, ரன்னிங் போர்டு அடியில இருக்கிற ஓட்டை ஒவ்வொண்ணுலயும் பழைய பிரேக் கேபிள விட்டு குத்துங்க, வழி கெடைக்கிற வரைக்கும். அந்தப் பக்கம் டிங்கர் வேல எது வந்தாலும் வெல்டிங் வைக்கிறதுக்கு முன்னாடி உள்ள ஃபோம் இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லுங்க, பத்திக்கும், வர்ற புகையும் விஷம். மிச்சம் இருக்கிற கேன வீட்டு ஜன்னலுக்கு அடிங்க.