உந்தச் செயலி எதன்மீது செயல்படுகிறது?

கேள்வி: குவாண்டம் இயக்கவியலில் ஒற்றைத் துகளுக்கு உந்தம் என்றால் அலைச்சார்பை வகையிட வேண்டும். நிலைக்கு எத்தனை துகள்கள் என்று எண்ணும் இரண்டாம் குவாண்டமாக்கலிலோ, ஒரு நிலையில் துகளைச் சேர்க்கும் ஆக்கச் செயலியும் துகளை நீக்கும் அழிப்புச் செயலியும் சேர்ந்த கூட்டுத்தொகை வருகிறது. இரண்டும் ஒன்றா?

பதில்: இயற்பியல் ஒன்றுதான். அழிப்புச் செயலியும் அடுத்து ஆக்கச் செயலியும் ஒரு நிலையில் செயல்பட்டால், அங்குள்ள துகள்களின் எண்ணிக்கை கிடைக்கும். அதை அந்நிலையின் உந்தத்தால் பெருக்கி, எல்லா நிலைகளுக்கும் கூட்டுங்கள். ஒரே நிலையில் பல துகள்கள் இருக்கக்கூடிய போசான்களில் 3 அலகு உந்தமுள்ள நிலையில் 2 துகள்கள், −1 அலகு நிலையில் 4 துகள்கள் என்றால் மொத்தம் 6 − 4 = 2 அலகு. எந்தத் துகள் எங்கே என்ற கேள்வியே எழாது.

கேள்வி: தொகையீட்டு வடிவத்தில் இரண்டு புலச் செயலிகளுக்கு (ஓர் இடத்தில் துகளை ஆக்கும் அல்லது அழிக்கும் செயலிகள்) நடுவே வகைக்கெழு நிற்கிறது. அது அமைப்பின் நிலையைக் குறிக்கும் நிலைத் திசையனை வகையிடுகிறதா?

பதில்: இல்லை. பலரும் தடுமாறும் இடம் இது, நிதானமாகப் பாருங்கள். அங்கே இடம் என்பது செயலி அல்ல, வெறும் அடையாள எண். வகைக்கெழு புலச் செயலி அந்த எண்ணைச் சார்ந்திருக்கும் விதத்தை மட்டுமே வகையிடுகிறது. தொகையிட்டதும் எண் மறைந்துவிடும். மிஞ்சும் முழுச் செயலிதான் நிலைத் திசையன்மீது செயல்படுகிறது.

அலைச்சார்பை வகையிடும் பழைய விதியை இதிலிருந்தே பெறலாம். ஒற்றைத் துகளின் அலைச்சார்பு என்பது, அழிக்கும் புலச் செயலி அத்துகளின் நிலையில் செயல்பட்டபின், துகளே இல்லாத வெற்றிட நிலையுடன் எடுக்கும் உட்பெருக்கம். புலச் செயலிக்கு வலப்புறம் உந்தச் செயலியை வைத்து, இடப்புறம் நகர்த்துங்கள். வெற்றிடத்தைத் தொட்டதும் அது சுழி. வரிசையை மாற்றுவதால் எழும் வேறுபாடான பரிமாற்றியில் மிஞ்சுவது புலத்தின் வகைக்கெழு. உடன் வரும் கெழுவைப் பற்றி அஞ்ச வேண்டாம், கற்பனை எண்ணும் பிளாங்க் மாறிலியும் குறியும் அப்படியே வந்து சேரும்.

கேள்வி: புலத்தின் இணை உந்தமும் (புலத்தோடு இணைசேரும் மாறி) இந்த மொத்த உந்தமும் ஒன்றா?

பதில்: பெயர்தான் ஒன்று. இணை உந்தம் இடத்துக்கு இடம் தனித்தனியாக உண்டு; நாம் இங்கே பேசும் ஷ்ரோடிங்கர் புலத்துக்கு அது மாறிலியால் பெருக்கிய ஆக்கப் புலமே. அதைப் புலத்தின் சரிவால் பெருக்கி, எதிர்க்குறியிட்டுத் தொகையிட்டால்தான் மொத்த உந்தம் வரும்.

கேள்வி: வெற்றிடத்துக்கு உந்தம் உண்டா?

பதில்: இல்லை. அங்கே துகளே இல்லாததால் ஒவ்வொரு நிலையின் எண்ணிக்கையும் சுழி, கூட்டுத்தொகையும் சுழி.

கேள்வி: மொத்தம் சுழி என்றால் எல்லாத் துகள்களும் அசையாமல் இருக்கின்றனவா?

பதில்: அப்படிக் கொள்ளக் கூடாது. 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் தந்த மீக்கடத்தல் (மின்தடையற்ற கடத்தல்) கோட்பாட்டின் அடிநிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், எலக்ட்ரான்கள் எதிரெதிர் உந்தங்களோடு இணைகின்றன. மொத்தம் சுழி, ஆனால் உந்தமுள்ள நிலைகள் நிரம்பியே இருக்கின்றன. தனித்தனிப் பங்கீடு வேண்டுமானால் ஒவ்வொரு நிலையின் எண்ணிக்கைச் செயலியைக் கேளுங்கள்.