பதினான்கு வயதும் தெருவிளக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை நான். ஒன்பதாம் வகுப்புக்கு உள்ளாட்சிப் பாடம் நடத்துகிறேன். மாதிரி நாடாளுமன்றம் நடத்தியாயிற்று. பிள்ளைகள் வசனம் ஒப்பித்தார்கள், கை தட்டினோம், அதோடு முடிந்தது. ஓட்டுரிமை இல்லாத பிள்ளைகளை உண்மையான குடிமைச் செயலில் ஈடுபடுத்த முடியுமா? கிராம சபைக்கு அழைத்துப் போகலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

முடியும். மாதிரி நாடாளுமன்றத்தில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அது கை தட்டலோடு முடிந்துவிடுகிறது. பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அலுவலகத்துக்குப் பிள்ளைகள் எழுதிய தாள் போய்ச் சேர வேண்டும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

பிரச்சினை சிறியதாக இருக்கட்டும். ‘ஊரின் குடிநீர்ப் பஞ்சம்’ என்று எடுத்தால் ஓராண்டிலும் முடியாது, பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். தெருவிளக்கு நல்ல தேர்வு. கண்ணால் பார்க்கலாம், எண்ணலாம், சரியானதா இல்லையா என்று சிறுவனும் சொல்லிவிடுவான்.

தெருவுக்கு இரண்டு பிள்ளைகள், கூடவே ஒரு பெற்றோர். இரவு ஏழு மணிக்குமேல் மூன்று நாள் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நாள் பார்த்தால், அன்று மின்தடை என்று சொல்லி அலுவலகம் கணக்கைத் தள்ளிவிடும். கம்பத்தில் எண் இருந்தால் எண்ணைக் குறிக்கட்டும், இல்லையென்றால் எதிரில் உள்ள கடையோ கோயிலோ அடையாளம். எரிகிறது, எரியவில்லை, விட்டுவிட்டு எரிகிறது, பகலிலும் எரிகிறது என்று நான்கு கட்டம் போதும். கடைசிக் கட்டத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 20 வாட் விளக்குகள் பத்து, பகல் 12 மணி நேரமும் எரிந்தால் மாதம் 72 யூனிட் வீண். அந்தக் கட்டணம் ஊராட்சி நிதியிலிருந்து போகிறது. கணக்கு ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பத்தை யாரும் தொடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, மனு யாருக்கு? பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. கிராமத்தில் கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு ஊராட்சியுடையது. அங்கொன்றும் இங்கொன்றுமாக எரியாவிட்டால் விளக்கில் பழுது இருக்கலாம். ஊராட்சிச் செயலரிடம் போங்கள். ஒரு வரிசையே இருண்டிருந்தால் கம்பியையும் சந்தேகிக்க வேண்டும். கம்பி பழுது, சாய்ந்த கம்பம் எல்லாம் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு. இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் இரண்டு அலுவலகமும் மற்றதைக் கை காட்டும். ஊராட்சியில் நடக்கவில்லையென்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே வட்டார வளர்ச்சி அலுவலர் இருவர். கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவர் பெயர்ப்பலகையில் ‘கி.ஊ.’ என்று இருக்கும். முதலிலேயே ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனு கொடுத்தாலும் அது கடைசியில் இவர் மேசைக்குத்தான் வந்து சேரும்.

மனு ஒரு பக்கம் போதும். எத்தனை விளக்கு, எந்தெந்த இடம், எந்தெந்த நாள் பார்த்தது, என்ன வேண்டும். யாரையும் பழிக்க வேண்டாம். பிள்ளைகளே எழுதட்டும், பிழை இருந்தால் அவர்களே திருத்தட்டும். நீங்கள் எழுதி அவர்கள் கையெழுத்திட்டால் மறுபடி மாதிரி நாடாளுமன்றம்தான். இரண்டு படி எடுத்து, ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்ட ஒப்பம் வாங்குங்கள். அது இல்லாமல் கொடுத்த மனு, கொடுக்காத மனுவுக்குச் சமம்.

கிராம சபைக்குத் தாராளமாக அழைத்துப் போங்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள்தான் சபையின் உறுப்பினர்கள். அதனால் கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையில் (குறைவெண் வரம்பு) பிள்ளைகள் சேரமாட்டார்கள், தீர்மானத்திலும் பங்கில்லை. உட்கார்ந்து கவனிக்கலாம், அவர்கள் எடுத்த கணக்கை உறுப்பினரான ஒரு தாயோ தந்தையோ வாசிக்கலாம். வாசித்ததோடு விடாமல், தீர்மானப் பதிவேட்டில் எழுதும்வரை காத்திருக்க வேண்டும். பல ஊர்களில் கூட்டம் கலைந்தபிறகுதான் பதிவேடு நிரம்புகிறது. கர்நாடகத்தில் பிள்ளைகளுக்கென்றே ‘மக்கள கிராம சபே’ நடத்துகிறார்கள். ‘மக்கள’ என்றால் பிள்ளைகளின் என்று பொருள். நம் ‘மக்கட்பேறு’ நினைவுக்கு வருகிறது. இங்கும் அதை வழக்கமாக்கக் கேட்க வேண்டும்.

பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். சட்டத்தில் வயது வரம்பு இல்லை. 2012இல் லக்னோவைச் சேர்ந்த ஒரு சிறுமி காந்திக்குத் ‘தேசத் தந்தை’ பட்டம் தந்த ஆணையைக் கேட்டு விண்ணப்பித்தாள். ‘ஏன் விளக்கு எரியவில்லை?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. அலுவலகத்தில் ஆவணமாக இருப்பதைத்தான் தருவார்கள். ‘கடந்த நிதியாண்டில் தெருவிளக்குப் பராமரிப்புச் செலவுக்கான பற்றுச்சீட்டு நகல்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

17 வயது நிரம்பிய அக்கா அண்ணன்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம் என்பதையும் வீட்டில் சொல்லச் சொல்லுங்கள்.

நாள் கணக்கு ஒன்று. அக்டோபர் 2 சபையைக் குறிவைக்காதீர்கள். அதற்கு முன் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். நவம்பர் 1, உள்ளாட்சி நாள் சபைதான் தோது. விடுமுறை முடிந்து அக்டோபர் இரண்டாம் வாரம் விளக்குகளை எண்ணினால், 20ஆம் தேதிக்குள் மனு செயலரிடம் இருக்கும். சபை அறிவிப்பு ஏழு நாளுக்கு முன்பே வர வேண்டும் என்பதால், அதற்குள் பொருள்பட்டியலில் சேர்க்கச் சொல்லிவிடலாம். நடுவில் தீபாவளி வருமா என்று மட்டும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.