ரேபிஸ் ஆன்டிபாடி சோதனையை முழுக்க இயந்திரத்திடம் விட முடியாதா?

பெரும்பகுதியை விடலாம். ஆனால் சர்க்கரைப் பரிசோதனை போல ரத்தத்தை வைத்ததும் எண் வந்துவிடாது. இதற்கென 1973-இல் வந்த ஆர்எஃப்எஃப்ஐடி (RFFIT) முறை, ரத்தத்திலுள்ள ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரதம்) வைரஸை உண்மையிலேயே முடக்குகிறதா என்று பார்ப்பது.

சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவத்தை) படிப்படியாக நீர்க்கச் செய்து, உயிருள்ள வைரஸைக் கலந்து, சுமார் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்து, அதோடு செல்களைச் சேர்ப்பார்கள். மறுநாள் ஒளிரும் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் சோதனைத் தகட்டின் குழிக்கு 20 இடங்கள் பார்த்து, எத்தனை இடங்களில் பச்சையாக மின்னும் செல், அதாவது வைரஸ் தொற்றிய செல், இருக்கிறது என்று எண்ண வேண்டும். கண் பூத்துப்போகும். ஆளுக்கு ஆள் எண்ணிக்கையும் கொஞ்சம் மாறும். இயந்திரம் அதிகம் கைகொடுப்பது இங்கேதான்: 96 குழித் தட்டுக்கு மாறிவிட்டால் ரோபோ திரவங்களைக் கலக்கும், கேமரா படமெடுக்கும், மென்பொருள் எண்ணிக் கணக்கிடும். ஆன்டிபாடி 0.5 ஐயூ/மிலி (ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் போதுமான அளவு.

செல் வளர்ப்புக்கும் வைரஸைப் பாதுகாப்பாகக் கையாளவும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். சரி, ஆன்டிபாடியை நிறமாற்றத்தால் அளக்கும் எலிசா (ELISA) சோதனை இருக்கிறதே என்பீர்கள். அதை இயந்திரத்தில் ஓட்டுவது சுலபம், உயிருள்ள வைரஸும் வேண்டாம். ஆனால் அது அளப்பது வைரஸ் புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியை. ஒட்டுவதெல்லாம் வைரஸை முடக்கும் என்று சொல்ல முடியாது.