நீண்ட கப்பல் சுற்றுலா நமக்கு ஒத்துவருமா?
புதுச்சேரிக்காரர்களான உங்களுக்கு 14 நாள் கப்பல் சுற்றுலா சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுண்ணாம்பாற்றுப் படகில் தலை சுற்றவில்லையே என்று முடிவு செய்துவிடாதீர்கள். அது கழிமுகம், ஆழ்கடல் வேறு. குமட்டல் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டமும் குறைவு.

உண்மையான சோதனை, கரையே தெரியாத நாட்கள்தான். நம்ம கடற்கரைச் சாலையில் மாலை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்குமா? அப்படியானால் கவலையில்லை. ஊர் பார்க்கத்தான் ஆசை என்றால் ஏமாற்றம்தான். பல துறைமுகங்களில் ஒரு பகல்பொழுதுதான் கிடைக்கும். அப்புறம், ஜன்னலில்லா உள்ளறை மலிவு. எனக்கென்றால் மூச்சு முட்டும். சீசனில் சென்னையிலிருந்து கிளம்பும் குறுகிய பயணம் ஒன்றை முதலில் போய்ப் பாருங்கள்.