அங்க ஆனர்ஸ்னா வேற! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பொண்ணுக்கு அமெரிக்கால ஒரு கிறிஸ்டியன் காலேஜ்ல இன்டர்நேஷனல் ஸ்டடீஸ், அதான் உலக நாடுகளோட அரசியல், உறவு பத்தின படிப்பு, கிடைச்சிருக்கு. கூடவே ஆனர்ஸ் ப்ரோக்ராம்லயும் சேத்துக்கிறோம்னு தனியா ஒரு லெட்டர். அப்போ ரெண்டு டிகிரியா சார்?

ஒரே டிகிரிதாம்மா. குழப்பமே அந்த வார்த்தையாலதான். நம்மகிட்ட பி.ஏ. ஆனர்ஸ்னா ஒரே பாடத்த ஆழமா தோண்டுறது, அங்க ஆனர்ஸ் ப்ரோக்ராம்னா பெரும்பாலும் அதுக்கு நேர்மாறு, மேஜர்ங்கிற முக்கிய பாடம் அது பாட்டுக்கு இருக்கும், எல்லாரும் பொதுவா எடுக்குற பாடங்களுக்கு பதிலா இவங்களுக்கு மட்டும் பல துறைய கலந்து சின்ன வகுப்பா வைப்பாங்க. உதாரணத்துக்கு பஞ்சம்னு ஒரு தலைப்பு வச்சுக்கங்க. மழை ஏன் பொய்ச்சுதுன்னு அறிவியல் வாத்தியார் சொல்வார், மழை வந்த வருஷத்துலயும் ஜனங்க ஏன் பட்டினி கிடந்தாங்கன்னு எகனாமிக்ஸ் வாத்தியார் கேப்பார், இதுக்கு நடுவுல பைபிள்ல யோசேப்பு எகிப்துல தானியம் சேத்து வச்ச கதையையும் படிச்சுட்டு வந்து, அதுல அந்த ஜனங்க நிலத்தையே ராஜாகிட்ட வித்துட்டாங்களே அது சரியான்னு சண்டை போடணும். வாத்தியார் நோட்ஸ் குடுப்பார்னு காத்திருந்தா கதை கந்தல். படிக்காம போனா பதினஞ்சு பேர் நடுவுல ஒளியவும் முடியாது. கடைசி வருஷம் தீசிஸ் வேற இருக்கும்.

அமெரிக்கால ஆனர்ஸ்ங்கிறதையே பரப்புனதுல முக்கியமான ஆள் ஃப்ராங்க் எய்டலாட். ரோட்ஸ்ங்கிற ஸ்காலர்ஷிப் வாங்கி ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சவர், 1921ல ஸ்வார்த்மோர் காலேஜுக்கு தலைவரா வந்து அடுத்த வருஷமே ஆனர்ஸ ஆரம்பிச்சுட்டார். குவேக்கர் கிறிஸ்தவங்க தொடங்குன காலேஜ் அது. பாடம் நடத்துறவரே மார்க் போடக்கூடாது, வெளியிலேருந்து ஆள் வந்துதான் சோதிக்கணும்னு வச்சார், அது இன்னைக்கும் அங்க நடக்குது. சொல்லப்போனா அவரோடது ஒரு சில பாடத்துலயே மூழ்குறது, பல துறை கலவையெல்லாம் மத்த காலேஜ்கள்ல பின்னாடி வளந்தது.

கேள்வி: இவ்வளவு கஷ்டப்பட்டு மார்க் குறைஞ்சுட்டா?

ஆனர்ஸ்லேருந்து வெளிய வந்துடலாம், டிகிரிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஸ்காலர்ஷிப் அந்த ஆனர்ஸோட முடிச்சு போட்டதான்னு அந்த லெட்டர்ல இன்னொரு தடவ பாத்துடுங்க, பல பேர் தவறவிடுற இடம் அதுதான்.

கேள்வி: கிறிஸ்டியன் காலேஜ்ல இன்டர்நேஷனல் ஸ்டடீஸா? மதப்பிரசாரத்துக்கு ஆள் தயார் பண்ற படிப்பா இருக்குமோ?

கேள்வி நியாயம்தான், ஆனா வரலாறு கொஞ்சம் வேற மாதிரி. வாஷிங்டன்ல இருக்குற ஜார்ஜ்டவுன், இயேசு சபையோடது, அங்க எட்மண்ட் வால்ஷ்ங்கிற பாதிரியார் 1919ல ஸ்கூல் ஆஃப் ஃபாரின் சர்வீஸ, அதாவது வெளிநாட்டு தூதரக வேலைக்கு ஆள் தயார் பண்ற பள்ளிய, ஆரம்பிக்கிறார். அமெரிக்க அரசாங்கத்தோட இன்னைய ஃபாரின் சர்வீஸே 1924ல வந்த சட்டத்துலதான் உருவாச்சு, அதாவது வேலைக்கு முன்னாடியே பள்ளிக்கூடம் ரெடி!

இன்னொரு பக்கம் கோஷன் காலேஜ பாருங்க, இண்டியானால மென்னோனைட்டுகளோட சின்ன காலேஜ். இவங்க போருக்கே போகமாட்டோம்ங்கிற சபை. 1968லேருந்து பசங்கள வேற நாட்டுக்கு அனுப்பி, அங்க ஒரு குடும்பத்தோட வீட்லயே தங்க வச்சு, முதல் பாதி காலம் மொழியும் பண்பாடும், அடுத்த பாதி சேவைன்னு பழக்குனாங்க. இல்லினாய்ல இருக்குற வீட்டன்ங்கிற கிறிஸ்டியன் காலேஜ்லயும் 1976லேருந்து ஒரு திட்டம் இருக்கு, ஏழை நாடுகள்ல ஆறு மாசம் இருந்து வேலை செய்யணும். எனக்கு கேட்டா, உலக அரசியல புத்தகத்துல மட்டும் படிச்சவங்களவிட இவங்க ஒரு படி மேல. பிரசார வாசனை எங்கயுமே இல்லன்னு சொல்லமாட்டேன், சிலபஸ் வாங்கி பாருங்க, தெரிஞ்சுடும்.

கேள்வி: நாங்க இந்து குடும்பம். சேப்பலுக்கு, அதான் காலேஜ்ல நடக்குற ஜெபக்கூட்டத்துக்கு, கண்டிப்பா போகணுமா?

காலேஜுக்கு காலேஜ் மாறும். கலிஃபோர்னியால இருக்குற பயோலா மாதிரி இடத்துல டிகிரி படிக்க சேரணும்னாலே கிறிஸ்தவ விசுவாசியா இருக்கணும். வீட்டன்ல சேப்பல் கட்டாயம். ஜார்ஜ்டவுன்ல பூசைக்கு வான்னு யாரும் கூப்பிடமாட்டாங்க, ஆனா ரெண்டு இறையியல் பாடம் எடுத்தே ஆகணும், அதே கேம்பஸ்ல இந்து மாணவர்களுக்குன்னு தனி ஆன்மிக வழிகாட்டியும் உண்டு. பொண்ணுக்கு வந்திருக்குற காலேஜ் இதுல எந்த ரகம்னு அட்மிஷன் ஆபீஸ்ல நேரடியா கேளுங்க, கூச்சப்படாதீங்க.

கேள்வி: வேலைக்கு? படிப்பு நடுவுல ஒரு செமஸ்டர் வேற நாட்ல போய் படிக்கணும்னா விசா?

படிச்சு முடிச்சா ஓபிடி, அதாவது படிச்ச துறையில அங்கயே வேலை பாக்க அனுமதி, 12 மாசம். ஸ்டெம்னு சொல்ற அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணக்கு படிப்புக்குத்தான் மேல 24 மாசம், இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் பொதுவா அந்த லிஸ்ட்ல வராது. எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத்த புள்ளிவிவரக் கணக்கோட படிக்கிறது) மாதிரி லிஸ்ட்ல இருக்குற ஒண்ண ரெண்டாவது மேஜரா சேக்க முடியுமான்னு முதல் வருஷமே விசாரிக்கலாம்.

விசா விஷயம்தான் பசங்க கோட்டை விடுறது. கூட படிக்கிற அமெரிக்க பசங்க ஐரோப்பாவுக்கு குறுகிய பயணம்னா விசா இல்லாமலே கெளம்பிடுவாங்க, அவங்களப் பாத்து நம்ம பொண்ணும் டிக்கெட் போட்டுட்டா மாட்டிக்குவா. இந்திய பாஸ்போர்ட்டுக்கு போற நாட்டு விசா தனியா வாங்கணும், திரும்பி வர்றப்ப அமெரிக்க மாணவர் விசாவான எஃப்-1 செல்லுபடியாகணும், காலேஜ் குடுக்குற ஐ-20ங்கிற சேர்க்கை படிவத்துல பயணத்துக்கான கையெழுத்து ஒரு வருஷத்துக்குள்ள போட்டதா இருக்கணும். டிக்கெட்டுக்கு முன்னாடி இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் ஆபீஸுக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்க.